நிழலைக் கத்தரிப்பவர்

படம் திரையில் விரிந்ததும் தலையைச் சாய்க்கிறார், காது தோளில் முட்டும் வரைக்கும். பயிரைப் பார்ப்பதில்லை, முதலில் மரத்தைத் தேடுகிறார். மரம் கிடைத்தால் அதன் நிழல், நிழல் கிடைத்தால் அதன் விளிம்பு. விளிம்பு அகப்பட்டுவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு மவுஸை நகர்த்துவார், சட்டைத் துணி வெட்டுகிற தையல்காரர்போல.

இவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரே அலுவலகத்தில் எனக்கு வயல்களுக்கு மேல் ட்ரோன் பறக்கவிடும் வேலை. அவருக்கு நான் கொண்டுவரும் படங்களில் நிழலை மூடும் வேலை. வாடிய பயிரும் நிழலில் நிற்கும் பயிரும் கணினிக்கு ஒன்றுதான். இரண்டும் கறுப்பு, இரண்டும் நோயாளி. இவர் மூடாவிட்டால் நல்ல பயிருக்கு மருந்தடிக்கச் சொல்லிவிடும்.

“ஊரே வெளிச்சத்தைத் தேடி ஓடுது. நான் நிழலைத் தேடிச் சம்பளம் வாங்குறேன்” என்பார். இன்னும் விளக்கம் கேட்டால், “கண்ணுக்குத் தெரியுறதை இல்லேன்னு சாதிக்கிற உத்தியோகம். கல்யாணமானவனுக்கு ரொம்பப் பொருத்தம்.” படத்தில் மேகம் விழுந்திருந்தால் அர்ச்சனை எனக்கு: “ஏன் சகல, போகும்போது மேகத்தையும் துணைக்குக் கூட்டிட்டுத்தான் போவியா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டு மாடியில் இருந்தோம். தன் மனைவி நீட்டிய ஈரப் போர்வையைக் கொடியில் விரித்தவர், கிழக்கே நீண்டு விழுந்த அதன் நிழலைப் பார்த்தபடி விரித்த கையோடு நின்றுவிட்டார்.

“என்ன, அதுலயும் நிழல் வெட்டணுமா?” என்றார் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். “சகல, கிழங்கம்மா வயல்ல எப்ப ட்ரோன் பறக்கவிட்ட?”

உருளைக்கிழங்கு போட்டிருக்கும் அம்மாவைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் வயலின் கிழக்கு ஓரத்தில் நெடுநெடுவென்று மரங்கள். வழக்கமாகக் காலையில்தான் போவேன். மரநிழல் வயலுக்குள் பட்டையாக விழும். முந்தாநாள் பேட்டரிக்கு சார்ஜ் போட மறந்ததால் போகும்போதே மாலை. அசடு வழியச் சொன்னேன்.

“சாயங்காலம்னா நிழல் ரோட்டுப் பக்கமில்ல போகணும்? நான் வயலுக்குள்ள இருந்த கறுப்பை மூடியிருக்கேன்! பழக்க தோஷம். செக்குமாடு மாதிரி அதே தடத்துல சுத்திட்டு வந்திருக்கேன்.”

நிழலென்று மூடிய இடம் அறிக்கையில் வெறும் சாம்பல் நிறம், கணினி அதைக் கணக்கில் எடுக்காது. ‘பயிர் நலம்’ என்று அறிக்கை அந்த அம்மாவுக்குப் போயும் சேர்ந்துவிட்டது.

முதலாளியைப் போனில் கூப்பிட்டோம். “அடுத்த தடவை பறக்கவிட்டா தானா தெரிஞ்சிடும். நாமளா எதுக்கு வாயைக் கொடுக்கணும்?” என்றார்.

“அதுவரைக்கும் கருகல் நோய் நமக்காகக் காத்திருக்காது சார்” என்று சகலை போனை வைத்துவிட்டு, கிழங்கம்மாவின் எண்ணை அழுத்தினார்.

“அம்மா, மரத்தோரம் இருக்கிறது நிழல் இல்ல. நான்தான் தப்பா மூடிட்டேன். போய்ப் பாருங்க, இப்பவே.”

அந்த அம்மா ஓடுவது போனிலேயே கேட்டது. பிறகு மூச்சு வாங்கியது. “இலையெல்லாம் கருகிக் கிடக்கு தம்பி. நீங்க நல்லாருக்குன்னீங்களே!”

“ஆமாம்மா. சொன்னேன்.” என்றார் சகலை.

மறுநாள் விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கிழங்கம்மா திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆளுக்கொரு சாக்கைக் கொடுத்து, “படத்துல சுலபமா அழிச்சீங்கள்ல? வாங்க, இங்கயும் அழிக்கலாம்” என்றார்.

கருகிய செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் அடைத்தோம். என் சகலை ஆபீஸ் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். இரண்டு முறை சேற்றில் உட்கார்ந்து எழுந்தார். “மேலேர்ந்து பார்த்தா வயல் சமமாத்தான் இருந்துச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிழங்கம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரத்தோர வரிசைகள் போயின. மற்றதற்கு மருந்தடித்தார்கள், தப்பியது.

வேலை முடிந்து நாங்கள் கைகழுவப் போனோம். சகலை மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். எஞ்சிய முதல் வரிசையில் குந்தியிருந்தார். ஓர் இலைக்கு மேலே உள்ளங்கையைக் குடைபோலப் பிடித்து அது கறுப்பதைப் பார்த்தார். கையை எடுத்து அது பச்சையாவதைப் பார்த்தார். அப்படியே குந்தியபடி அடுத்த செடிக்கு நகர்ந்தார்.