கனடாவும் வேளச்சேரியும்

சாந்தோமில் நானும் மேரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறோம். அவள் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்வாள்.

“ஒரு நாள் பூரா பிளைட்லயே போவணும்மா. நடுவுல எறங்கி வேற பிளைட் ஏறணும். அம்மாந்தூரம்!”

பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். “உன் புள்ளைக்கு இன்னாக்கா, வேளச்சேரில ஆட்டோ ஓட்டிக்கினு கீறான். இங்கேர்ந்து கூப்ட்டாலே கேக்கும்.”

எனக்கு வயிறு எரியும். அந்தத் தூரம் என் மகனுக்கு வாய்க்கவில்லையே என்று இருக்கும்.

போன மழைக்காலத்தில் மேரியின் புருஷன் திடீரென்று இறந்துவிட்டார். சேதி கேட்டதும் என் மகன் ஓடிவந்து பந்தல் போட்டான், நாற்காலி இறக்கினான். மேரியின் மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் வரும்வரை அடக்கம் கிடையாது. தினமும் மீனுக்கு ஐஸ் போடும் கையால், புருஷனை வைத்திருந்த ஐஸ் பெட்டியை மேரி தடவிக்கொண்டே இருந்தாள்.

“உன் புள்ள எப்பக்கா வந்தான்?” என்று கேட்டாள்.

“அப்பவே வந்துட்டான்டி.”

அவள் என் மகனையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்த பார்வை அது.

“டேய், கொஞ்சம் வெளிய போய் நில்லுடா” என்று அவனை அனுப்பிவிட்டேன்.

மேரி இப்போது பிளைட் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் தேவலை என்று இருக்கிறது எனக்கு.