பதினோராவது குறி: கெட்டில்

என் அப்பா ஆல்டன் பெல்க்கி நில அளவையாளர். நான் தராசுகளைச் சரிபார்ப்பவள். மருந்துக்கடைத் தராசு, மீன்கடைத் தராசு, எதுவானாலும் என் எடைக்கல்லை அதன் மேல் வைத்து, பொய் சொல்கிறதா என்று பார்த்து, ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வருவேன். அப்பாவுக்கும் ஒரு சீட்டு ஒட்டினேன். தவறான சீட்டு.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், ஹார்லோ ஊரின் வடக்குக் காட்டில் அவரை மான் உண்ணி கடித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் இது ஒரு செய்தியே அல்ல. கடிபடாதவர் யாராவது இருந்தால்தான் எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். தொடையில் தட்டு அளவுக்குச் சிவப்பு வட்டம். லைம் நோய். மூன்று வாரம் மாத்திரை. வட்டம் மறைந்தது, காய்ச்சல் இறங்கியது, மருத்துவர் கைகுலுக்கி அனுப்பினார்.

அப்பா மட்டும் முழுதாகத் திரும்பி வரவில்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். அன்றைய தெம்பு காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அதைவிட மோசம், சொற்கள் வராமல் போயின. வராத சொல்லின் இடத்தில் எப்போதும் ஒரே சொல் வந்து நின்றது.

"மார்சி, அந்தக் கெட்டில எடு."

"எந்தக் கெட்டில்?"

"வண்டிய ஸ்டார்ட் பண்றது."

"சாவி."

"அதத்தானே சொன்னேன்."

அவருக்கே சிரிப்பு வரும். "அந்த உண்ணி என் அகராதி முழுசையும் தின்னுட்டு, சமையலறைப் பக்கத்த மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கோப்பில் அடுக்கினேன். சிலருக்கு மருந்து முடிந்த பிறகும் இப்படி நீள்கிறது, ஏனென்று தெரியவில்லை, இதை அளந்து சொல்லும் சோதனை எதுவும் இல்லை என்றார் மருத்துவர். 'அளக்க முடியாது' என்று அவர் சொன்னதை 'இல்லை' என்று நான் குறித்துக்கொண்டேன். இதையே ஒரு மீன்கடைத் தராசில் செய்திருந்தால் என் உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்கள்.

"எல்லா நம்பரும் நார்மலா இருக்குப்பா."

"ரொம்ப சந்தோஷம். என் முழங்கால்கிட்டயும் சொல்லிடு. அது இன்னும் ரிசல்ட்டப் பாக்கல."

உண்ணி இல்லையென்றால் மறதிநோய் என்று முடிவு செய்தேன். கணினியில் ஓர் அட்டவணை திறந்தேன். தேதி, நேரம், தவறு, கடுமை. கடுமைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் மாநிலத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஊர் எல்லையை நடந்து பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரரும் கூட வருவார். கல், மரம், குழாய் என்று எல்லையில் நிற்கும் குறிகளை வரிசையாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஊர்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். நோய் வந்து இரண்டாவது ஏப்ரலில் ஹார்லோவுக்காக அப்பாவும், டன்னிங் ஊருக்காக எவரெட் பிளாட்ஜெட்டும் நடந்தார்கள். அப்பா அறிக்கை எழுதினார். அதில் பதினோராவது குறி இப்படி இருந்தது: 'அங்கிருந்து வடகிழக்கே 612 அடி, கெட்டில் வரை.'

எவரெட் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஊர் எழுத்தர் படிக்காமல் பதிந்தார். படித்தவள் நான் ஒருத்திதான்.

"அப்பா, இது என்ன?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "பதிஞ்சாச்சா?"

"பதிஞ்சாச்சு."

"அப்ப அது கெட்டில்தான்."

"நீங்க எழுத நெனச்சது என்ன?"

"தெரிஞ்சிருந்தா அதத்தானே எழுதியிருப்பேன், இன்ஸ்பெக்டரம்மா."

அட்டவணையில் வரிசை 12: ஊர் எல்லையைக் கெட்டில் என்று பதிவு செய்தார். கடுமை ஐந்து. இரண்டு வாரம் கழித்து வரிசை 14: சமையலறையின் நீல எனாமல் கெட்டிலைத் தொலைத்துவிட்டார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். கடுமை நான்கு.

அந்த அட்டவணையை ஊர் நிர்வாகக் குழுத் தலைவி தெல்மா ஹோய்ட்டுக்கு அனுப்பினேன். இவரை இனி எந்தப் பொறுப்புக்கும் நியமிக்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. அந்த வருடமே வேலித் தகராறு தீர்க்கும் பதவி அப்பாவிடமிருந்து போயிற்று. யார் வேலை இது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததையும் மறதியில் சேர்த்தேன்.

இந்த ஜனவரியில் அவர் இதயம் நின்றது. அதற்கும் உண்ணிக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அதற்கும் ஆதாரம் கேட்டேன்.

மார்ச்சில் தெல்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். "இது எல்லை நடக்கிற வருஷம், மார்சி. உங்கப்பா இடத்துல நீ போறியா?"

"எனக்கு நில அளவையெல்லாம் தெரியாது."

"தப்பு கண்டுபிடிக்கத் தெரியும்ல? உன் டேபிள் இன்னும் என் டிராயர்ல கிடக்கு."

"அத யாருக்காவது காட்டினியா?"

"உங்கப்பா வந்து கேட்டார். அவருக்கு மட்டும் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"கடைசி வரைக்கும் படிச்சார். பதினாலாவதுக்கு நாலு மார்க் கொஞ்சம் ஜாஸ்தின்னார்."

போகிறேன் என்றேன். எனக்கு ஒரே நோக்கம்தான். அந்த இடத்தில் உண்மையில் என்ன நிற்கிறது என்று பார்த்து, கெட்டில் என்ற சொல்லை அடித்து, சரியான சொல்லை எழுத வேண்டும். பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள் என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. கிறுக்கன் என்று எழுதிவைத்தவளே நான்தான். திருத்தத் தாளை வீட்டிலேயே தட்டச்சு செய்து, ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு எடுத்துப் போனேன்.

ஏப்ரல் சேறு. உண்ணிக்குப் பயந்து காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி, மேலே டேப் சுற்றிக்கொண்டு நடந்தோம். எவரெட்டுக்கு எழுபத்தெட்டு வயது. எனக்கு முன்னால் நடந்தார்.

"அப்பா அன்னைக்கு எதப் பாத்து எழுதினார், எவரெட்? பாறையா, மரமா?"

"எனக்கென்ன தெரியும்? மழை வேற, பசி வேற. அவன் எழுதினான், நான் போட்டேன்."

"படிச்சுட்டுப் போட்டிருக்கலாம்."

"அத நீ பாத்துப்பன்னு உங்கப்பன் சொன்னான்."

பத்தாவது குறியிலிருந்து மேடு ஆரம்பித்தது. செங்குத்து. நான் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். தூரம் அளக்கும் கருவி 606 அடி காட்டியபோது கல்சுவர் ஒரு மூலையில் முடிந்தது. அங்கே கற்குவியல், நடுவில் ஓர் இரும்புக் குழாய். குழாயில் முறுக்குக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு எங்கள் நீல எனாமல் கெட்டில் நின்றது. மூக்கு டன்னிங் பக்கம் பார்த்திருந்தது. மூடியில் பாசி. உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. கைப்பிடியில் அளவையாளர்கள் குறிகளில் அடிக்கும் அலுமினியத் தகடு: அப்பாவின் உரிம எண், தேதி. வரிசை 14-க்கு முந்தின நாள்.

எவரெட் சிரித்துச் சிரித்துக் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி ஆல்டன்! எழுதினது தப்புன்னதும் காட்டையே திருத்திட்டுப் போயிருக்கான் பாரு!" பிறகு கீழே சரிவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அந்தக் கால வச்சுக்கிட்டு எப்படி ஏறினான்?"

எனக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் பாதியில் உட்காருகிறவர். அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் சோபாவில் படுத்துக் கிடந்தார். வரிசை 13: ஆறு மணிக்கே தூக்கம், கடுமை இரண்டு என்று எழுதியது மட்டும் நினைவிருக்கிறது.

அப்பா எழுதியது 612, என் கருவி சொல்வது 606. அவர் தொழிலில் விதி ஒன்றுதான்: எழுதிய அடிக்கணக்கும் நிலத்தில் நிற்கும் குறியும் முரண்பட்டால், குறிதான் செல்லும். அட்டவணையில் மூன்று வரிசைகள் செல்லாமல் போயின. மற்றவற்றைச் சரிபார்க்க ஆள் இல்லை.

"அசையாத. காலர்ல ஒண்ணு ஊருது." எவரெட் டேப்பில் உண்ணியை ஒட்டி எடுத்து மடித்தார். "இதுக்கு எத்தன மார்க்? ஒண்ணுலேந்து அஞ்சுக்கு?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அவன்தான். எம்பொண்ணு எனக்கு மார்க் போடுறா, அறுபத்தோரு வரிசை, ஒரு எழுத்துப்பிழை கிடையாதுன்னு கடையில உக்காந்து பீத்திக்கிட்டான்."

திருத்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புதுத் தாளை எடுத்து முழங்கால் மேல் விரித்தேன். என்ன எழுதுவது என்று தெரியும்: பதினோராவது குறி, கெட்டில், நீல எனாமல், நிலை நன்று. எழுதுவதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லை. மேடேறும்போது எங்கேயோ விழுந்திருக்கிறது. அந்தப் பொருளின் பெயர் எனக்கு வரவில்லை.

"எவரெட், அந்த... அந்தக் கெட்டிலக் குடுங்க."

அவர் எது என்று கேட்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.