பாறையோடு கதைத்தவர்களின் மண்டபம்

அனஸ்ரேசியாவுக்கு அழகான பேச்சு என்றாலே ஆகாது. அதுவும் கறுப்புச் சட்டை போட்டவர்கள் பால் விடாத கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் அழகான பேச்சு அறவே ஆகாது. ஆனால் ஒஸ்லோவில் அவளுக்கு வாய்த்த வேலை அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான். ஆற்றங்கரையில், பழைய நெசவாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்தக் கட்டடக்கலை நிறுவனம். பதினொரு பேர் அங்கே கனவு காண்பார்கள். அந்தக் கனவுக்குள் கதவு எங்கே, கழிவறைக் குழாய் எங்கே என்று கணினியில் கோடு போட்டுக் கொடுப்பது அனஸ்ரேசியா.

நெடுந்தீவில் பிறந்தவள். எண்பத்தேழில், இருபது வயதில், நோர்வேயின் வட முனையிலிருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒன்பது குளிர்காலம் நின்றாள். முதல் குளிர்காலத்திலேயே தொழிலாளர் விடுதியின் வாசல் பனியில் புதைந்துபோக, ஆறு பெண்கள் ஜன்னலால் குதித்து வேலைக்குப் போனார்கள். பிறகு கல்யாணம், ஒஸ்லோ, தொழில்நுட்ப வரைதலில் இரண்டு வருடப் படிப்பு, வெஸ்ட்லியில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு. கணவர் யேசுரட்ணம் பஸ் ஓட்டினார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. வடகடலோரத்துச் சின்ன மீன்பிடி ஊர் ஒன்று தனக்கொரு கலாசார மண்டபம் வேண்டுமென்று கேட்டிருந்தது. கடலுக்கு மேலே, மரம் ஒன்றுகூட இல்லாத வெறும் பாறையில் கட்ட வேண்டும். இயற்கைக்குப் பங்கம் வராமல் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் தலைவர் ஸ்டைனார் உருகிப்போனார். “இந்தக் கட்டடத்தை நாங்கள் கட்டப்போவதில்லை. அது பாறையிலிருந்து முளைக்கப்போகிறது,” என்றார்.

முளைப்பதற்கு அறுநூறு கனமீற்றர் பாறையை வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் உருகவில்லை. சுவருக்குப் பலகை சைபீரியாவிலிருந்து வருவதாக இருந்தது. பாறையின் மௌனத்தைக் கேட்பதற்கென்று ஐந்து பேர் மூன்று தடவை விமானத்தில் போய் வந்தார்கள். மூன்று தடவையும் யூலை மாதம். திரும்பி வந்து ஆளுக்கொரு கூழாங்கல்லை மேசையில் வைத்துக்கொண்டார்கள். நிலைபேறான கட்டடம் என்ற சொல் ஒவ்வொரு கூட்டத்திலும் தேவாரம் மாதிரி ஓதப்பட்டது.

வரைபடம் கைக்கு வந்ததும் அனஸ்ரேசியா முதலில் பார்த்தது கதவைத்தான். பாறைக்குப் பின்னால், காற்றுப் படாத பள்ளத்தில் வைத்திருந்தார்கள்.

“குளிர்காலத்தில் இந்த இடத்தில் பனி குவியும்,” என்று ஸ்டைனாரிடம் சொன்னாள்.

“இது காற்றுக்கு மறைவான இடம், அனா. பாறை மனிதனை அணைத்துக்கொள்கிறது.”

“காற்று மறைவான இடத்தில்தான் தன்னுடைய சுமையை இறக்கும்.”

ஸ்டைனார் சிரித்தார். கோயில் பூசையில் சின்னப்பிள்ளை பிழையாகப் பாடினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “நீ வெயில் நாட்டில் பிறந்தவள். உனக்குப் பனி பெரிதாகத்தான் தெரியும்,” என்றார். ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்து வசதியான வீட்டில் பிறந்து, வருடத்தில் ஒரு கிழமை ஈஸ்டருக்குப் பனியில் சறுக்கப் போகும் மனிதர், வடமுனையில் ஒன்பது குளிர்காலம் நின்றவளுக்குப் பனியைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் பொரிந்து தள்ளினாள். யேசுரட்ணம் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“உமக்கேன் இந்த வில்லங்கம்? அவங்கள் சொல்லுறதைக் கீறிக் குடுத்திட்டு வாருமன்.”

“கீறித்தானே குடுக்கிறன். ஆனா அந்தக் கதவுக்குள்ளை அம்பிடப்போறது ஸ்டைனார் இல்லையப்பா. மீன் வெட்டுற சனம்.”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையலறை மேசையில் காட்போட் மட்டையால் அந்தப் பாறையையும் மண்டபத்தையும் வெட்டி ஒட்டினாள். தலைமயிர் காய வைக்கும் மெசினை ஒரு பக்கத்தில் பிடித்து, அதன் முன்னால் ரவையைத் தூவினாள். அரைக் கிலோ முடிவதற்குள் கதவு மூடுண்டது. பிறகு அதே மண்டபத்தை நான்கு தீக்குச்சிக் கால்களில் தூக்கி நிறுத்தி, கதவைப் பக்கச் சுவருக்கு மாற்றி, திரும்பவும் தூவினாள். ரவை மண்டபத்துக்குக் கீழால் ஓடிப்போய்த் தூரத்தில் விழுந்தது. கால்களில் நிற்கிற கட்டடத்துக்குப் பாறையை உடைக்கவும் தேவையில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறுநூறு கனமீற்றர் வெடி மிச்சம்! அதைத் திங்கட்கிழமை ஸ்டைனாருக்கு எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை.

பெப்ரவரியில் அந்த ஊரின் குழு முடிவெடுக்க ஒஸ்லோவுக்கு வந்தது. தலைவி குன்வோர், சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருந்த அறுபது வயதுக்காரி. ஸ்டைனார் நாற்பது நிமிடம் பேசினார். பாறை பேசியது, கடல் பேசியது, வெளிச்சம் பேசியது. குன்வோருக்கு மட்டும் பேச இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் கையை உயர்த்தி, “கதவு ஏன் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள்.

“அது ஓர் அணைப்பு,” என்றார் ஸ்டைனார்.

அனஸ்ரேசியா எழுந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தன் மேசைக்குக் கீழே பையில் வைத்திருந்த இரண்டு மட்டை மண்டபங்களையும் ரவையையும் தலைமயிர் காய வைக்கும் மெசினையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மெசினை மின்சாரத்தில் செருகினாள். ரவை பறந்து அந்த விலை உயர்ந்த மேசையெல்லாம் கொட்டியது, ஒருவருடைய கோப்பிக்குள்ளும் விழுந்தது.

“அனா, இது நாடகமேடை இல்லை!” என்றார் ஸ்டைனார்.

“ஒரு நிமிடம்தான்,” என்றாள், மெசினை நிறுத்தாமல்.

பள்ளத்திலிருந்த கதவு புதைந்தது; காலில் நின்ற மண்டபத்துக்குக் கீழால் ரவை ஓடிப்போனது. குன்வோர் விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கள் பள்ளிக்கூடத்தையும் ஒரு ஒஸ்லோக்காரர்தான் இப்படிக் கட்டித் தந்தார். பிள்ளைகளை ஜன்னலால்தான் உள்ளே எடுத்தோம்.” பிறகு காலில் நின்ற மண்டபத்தைத் தொட்டுக் காட்டினாள். “இதைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் வேறு ஆட்களைப் பார்க்கிறோம்.”

இரண்டாயிரத்து எட்டு கோடையில் மண்டபம் திறக்கப்பட்டது. அனஸ்ரேசியாவை யாரும் கூட்டிப்போகவில்லை. விமானத்தில் இடம் போதாதாம். அந்த இலையுதிர் காலத்தில், வெஸ்ட்லிக்குப் போகும் மெட்ரோவில் இருந்தபடி அவள் ஒரு கட்டடக்கலைச் சஞ்சிகையைப் புரட்டினாள். நான்கு பக்கத்துக்கு ஸ்டைனார். ‘அந்தப் பாறையில் தனியே படுத்திருந்தேன். என்னைத் தொடாதே, எனக்கு மேலே மிதந்து நில் என்று அது சொன்னது.’ கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், ‘வரைதல் உதவி: அனஸ்தாசியா’ என்று, பெயரும் பிழையாக, இருந்தது.

மறுநாள் சஞ்சிகையோடு அவர் அறைக்குப் போனாள்.

“பாறை உங்களோடு கதைத்ததாமே?”

“அது ஒரு கவித்துவமான சொல், அனா. நாங்கள் ஒரு குழு. இங்கே யாருக்கும் தனிச் சொத்து இல்லை.”

“அப்படியென்றால் ஏன் உங்கள் பெயர் மட்டும் இவ்வளவு பெரிய எழுத்தில்?”

அவள் வேலையை விடும் கடிதத்தை மேசையில் இருந்த கூழாங்கல்லுக்குக் கீழே செருகிவிட்டு வந்தாள். பின்னேரம் யேசுரட்ணம் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். “வேறை வேலைக்கு எங்கை போறது?” என்றார்.

“லில்லெஸ்ட்ரோமிலை நகரசபைக்காரர் ஆள் தேடினம். கட்டட வரைபடம் சரியோ பிழையோ எண்டு பாக்கிற வேலை.”

“அப்ப உமக்கு நல்லாப் பொருந்தும்,” என்றார் அவர். அதில் பாராட்டு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. பிள்ளைகள் காப்பகம் கட்ட வரும் கறுப்புச் சட்டைக்காரர்களிடம் முதல் கேள்வியாக, “பனியை எங்கே தள்ளப்போகிறீர்கள்?” என்று கேட்பாள். அரைவாசிப் பேருக்கு அதற்குப் பதில் இருக்காது. அவர்களுடைய வரைபடத்தை அவள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அடுத்த மார்ச்சில் குன்வோர் தொலைபேசியில் கூப்பிட, அனஸ்ரேசியாவும் யேசுரட்ணமும் வடக்கே போனார்கள். மண்டபம் காலில் நின்றது. கீழே காற்று விளக்குமாறு போட்டுக் கூட்டியதுபோல் பாறை துப்புரவாக இருந்தது. உள்ளே ஐம்பது அறுபது பேர் சீட்டில் இலக்கம் அடித்துப் பிங்கோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டைனார் கடலை நோக்கித் தியானிப்பதற்கென்று கட்டிய மௌன அறையில் இரண்டு பெண்கள் வாபிள் அப்பம் சுட்டுக்கொண்டும் புருஷன்மாரைத் திட்டிக்கொண்டும் நின்றார்கள்.

“அவருக்கு இது தெரியுமா?” என்று அனஸ்ரேசியா கேட்டாள்.

“திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை,” என்றாள் குன்வோர். “வா, உனக்கும் ஒரு பிங்கோச் சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.”