தானாக வந்த வாத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்த திசைகள் இரண்டே இரண்டுதான்: மேலே, கீழே. கிழக்கு மேற்கெல்லாம் அவன் பிழைப்புக்கு வேண்டாத சமாச்சாரம். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் செல்போனும் மறு கையில் சின்ன மகளுமாகப் பூங்காவில் வடகிழக்கைத் தேடி அலைந்தான் என்று சொன்னால், கூட வேலை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவன் சொல்லவில்லை.

மனைவியும் அவனும் பிரிந்த பிறகு, மகள் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சறுக்குமரம், ஐஸ்கிரீம், பொம்மைப் படம் எல்லாம் சீக்கிரமே சலித்துப்போயின. மதியம் சாப்பிட்டு முடித்ததும், "அம்மாகிட்ட எப்பப் போலாம்?" என்று மெதுவாக ஆரம்பிப்பாள். குழந்தை பொய் சொல்லாது, அதுதான் கொடுமை. அந்தக் கேள்வி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவன் தலைகீழாக நிற்கவும் தயாராக இருந்தான்.

பழுது பார்க்கப் போன கட்டடத்தில் யாரோ சொல்லித்தான் இந்த ஜியோகேச்சிங் விளையாட்டு தெரியவந்தது. முன்பின் தெரியாத ஒருவர் எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை செல்போன் வரைபடத்தில் குறித்துவிடுவார். நாம் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் சில்லறைச் சாமானில் ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றைப் போட வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு. முதல் நாள் அப்பாதான் தலையால் தண்ணீர் குடித்தான்.

போனில் இருந்த அம்பு ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டியது. கம்பத்தின் அடியில் சின்ன இரும்பு மூடி. தொழில் புத்தி எங்கே போகும்? சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டான். உள்ளே கத்தையாக ஒயர். அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஆராய்ந்துகொண்டிருந்தபோது பின்னால் காவலாளியின் குரல் கேட்டது.

"என்ன சார், வீட்டுல கரண்ட் இல்லையா?"

அசடு வழிய அவன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, மகள் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மரத்தின் வேருக்கிடையில் குந்தியிருந்தாள். "போனையே பாக்காதப்பா. கீழ பாரு" என்றாள். சருகை விலக்கினால், கறுப்பு டேப் சுற்றிய சாப்பாட்டு டப்பா. அம்பு ஒரு பத்தடி தள்ளித்தான் காட்டும் என்பது அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் அம்மாவைக் கேட்கவே இல்லை. ராத்திரி வீடு திரும்பும்போது அவனுக்கு பஸ்ஸில் பாட்டு வந்தது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் டப்பாதான். அந்தச் சந்தோஷம் யார் கண்ணுக்கோ பொறுக்கவில்லை போலிருக்கிறது. குழந்தையின் அம்மாவுக்கு வேலை மாற்றலாகி, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊர் கிடைத்தது.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒவ்வொரு தடவை நீங்க விட்டுட்டுப் போனதும் சரியா சாப்பிட மாட்டேங்கறா. புது ஸ்கூல் பழகட்டும். லீவு வர்ற வரைக்கும் அங்க வராதீங்க. போன்ல பேசுங்க."

சண்டைக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவனுக்கும் தெரியும். அதனால்தான் வாய் மறுக்கவில்லை. சரி என்றான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, இந்த விளையாட்டுக்கென்றே விற்கும் சின்னத் தகர வில்லை ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதில் ஒரு எண் இருக்கும். எந்தப் பொம்மையில் கட்டி டப்பாவில் போட்டாலும், கண்டெடுப்பவர்கள் அதை வேறு ஊர் டப்பாவுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். அது எங்கே போயிற்று என்று போனில் பதிவும் செய்வார்கள். மகள் அவன் வீட்டுக் குளியலறையிலிருந்த மஞ்சள் ரப்பர் வாத்தைக் கொண்டுவந்தாள். மூக்கில் பெயின்ட் போன வாத்து.

"இது என் புது வீட்டுக்கு வருமாப்பா?"

"வரும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாயா அது? அவள் அம்மாவுக்கு, அங்கே வர மாட்டேன் என்று ஒரு வாக்கு, மகளுக்கு வாத்து வரும் என்று ஒரு வாக்கு. இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.

வாத்து முதலில் நேர் எதிர்த்திசையில் கடற்கரைக்குப் போனது. அப்புறம் யாரோ புண்ணியவான் திருப்பிக் கொண்டுவந்தார். பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரத்து டப்பா ஒன்றில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான், யாரும் எடுக்கவில்லை. வேலைக்கு நடுவே, லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு அவன் போனைத் திறந்து திறந்து பார்ப்பான். மகளும் விடவில்லை.

"வாத்து எங்க இருக்குப்பா?"

"வந்துட்டே இருக்கும்மா."

ஒரு வாரம் இதைச் சொல்லலாம். எத்தனை வாரம் சொல்வது? அவனுக்கு மனசு கேட்கவில்லை. லீவு போட்டு பஸ் ஏறினான். நெடுஞ்சாலையில் இறங்கி, மைல்கல்லுக்குப் பின்னால் இருந்த டப்பாவிலிருந்து வாத்தை எடுத்தான். எடுத்ததைப் பதிவு செய்யவில்லை. அடுத்த பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனான். அவள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பூங்கா. அங்கே ஒரு டப்பா இருப்பதை எப்போதோ வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தான். வாத்தை உள்ளே வைத்து மூடினான்.

நிமிர்ந்தால் மாடி தெரிந்தது. கொடியில் மகளுடைய சிவப்பு மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம். மூன்றாவது மாடி. நடந்தே ஏறிவிடலாம். ஒரே ஒரு தடவை, கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் போதும் என்று இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பினால் அவள் சாப்பிட மாட்டாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கோட்டு உள்ளே எடுக்கப்படும் வரை நின்றான். எடுத்தது அம்மாவின் கை. அவன் பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

பூங்காவில் டப்பா இருக்கிறது, குழந்தையைக் கூட்டிப்போ என்று வழியிலேயே அவள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினான். மறுநாள் மோட்டார் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, வாத்து வந்துடுச்சு."

"அட. எப்படி வந்துச்சாம்?"

"தானாவே வந்துச்சு. என் வீட்டுக்குப் பின்னாடியே. அவ்ளோ குட்டி வாத்துக்கே வழி தெரிஞ்சிருக்கு. உனக்கு ஏம்பா தெரியல?"

எண்ணெய்க் கையோடு அவன் சுவரில் சாய்ந்தான். "அம்பு தப்பாக் காட்டுதும்மா" என்று மட்டும் சொன்னான்.

"போனையே பாக்காதப்பா" என்றாள் மகள், பொறுமையாக. "கீழ பாத்து வா. நான் இங்கதான் இருக்கேன்."