குதிரைக்கு ஒரு டோக்கன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லைன் வீட்டு வாசலில் இன்னொரு வீடு வந்து நின்றது. சக்கரம் வைத்த வீடு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அதிர்ச்சியில் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி, பெங்களூரில் கேரவன் டிரைவர். பூதிகோட்டை தாண்டி ஆற்றங்கரையில் புதிதாக ஒரு முகாம் திறந்திருந்தார்கள். கேரவன் நிறுத்த இடம், சவாரிக்குக் குதிரை எல்லாம் உண்டாம். "குடும்பத்தோட ஒரு நாள் இருந்து, தண்ணி கரண்டெல்லாம் சரியா வருதான்னு பாத்துட்டு வா" என்று முதலாளி அனுப்பியிருந்தார். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதனால் குடும்பம் என்றால் நாங்கள்தான்.

சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் நந்திதுர்க் லைனே வண்டியைச் சுற்றி நின்றது. அம்மா உள்ளே ஏறிப் படுக்கையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மோவாயில் கைவைத்துக்கொண்டாள். கடைசியாக இருந்த கதவைத் திறந்தவள் அலறிவிட்டாள். "அடப்பாவி! சோறாக்கற எடத்துக்குப் பக்கத்துலயே கக்கூஸா? இன்னா கருமம்டா இது!" எங்களுக்குக் கக்கூஸ் என்பது பத்து வீடு தள்ளி, வாளியோடு வரிசையில் நிற்கிற சமாசாரம். வழி முழுக்க அம்மா அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்தாள்.

அப்பா மட்டும் எதற்கும் அசரவில்லை. அவர் வேலை பார்த்த மைன், அந்தத் தங்கச் சுரங்கம், மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. தினமும் ரயிலேறி பெங்களூர் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தாலும், அவர் மனசு இன்னும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்டுக்குள்தான் இருந்தது. வண்டியில் ஏறியதும் முதல் காரியமாகக் கதவோரம் ஒரு பலகையைக் கட்டினார். அதில் நாலு ஆணி. ஆணிக்கு ஒன்றாக நம்பர் அடித்த பித்தளை டோக்கன். மைனில் கீழே இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். ஷிப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழேதான் என்று அர்த்தம். ஊர்ப் பயணம் எங்கே போனாலும் எங்கள் குடும்பத்துக்கு இதுதான் சட்டம்.

"எறங்கினா எடுத்துக்கோ. ஏறினா மாட்டு. மறந்தே, தோல உரிச்சிருவேன்" என்றார் என்னிடம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை நான். தோலை உரிப்பதாவது! எனக்கென்று அவர் கொடுத்தது அவருடைய சொந்த டோக்கன். "இருவது வருஷம் தப்பாம மேல வந்தது" என்று சட்டையில் துடைத்துத் தந்தார்.

"இன்னா மாமா, ஊர் சுத்த வந்தோமா, ஷிப்டுக்கு வந்தோமா?" என்று மாமா கிண்டலடித்தார். ஆனாலும் இறங்கும்போது தன் டோக்கனை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அப்பாவிடம் அவருக்கு அவ்வளவு பயம்.

முகாமில் பெங்களூர்க்காரர்களின் வண்டிகள் இரண்டு ஏற்கெனவே நின்றன. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோன குதிரை. பார்த்துக்கொள்கிறவர் என்னை ஏற்றி இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். அதன் மூக்கு அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மதியம் கறிக்குழம்பு சோற்றைக்கூட நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்றேன்.

சாப்பிட்டதும் அப்பாவும் மாமாவும் மீன் பிடிக்கிறேன் என்று ஆற்றில் இறங்கினார்கள். முழங்கால் தண்ணீர்தான். அம்மா குழாயடியில் பாத்திரம் கழுவினாள். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. நாலு பேருக்கு நாலு டோக்கன். குதிரைக்கு? இது தொலைந்துபோனால் யாருக்குத் தெரியும், யார் தேடுவார்கள்? பாவமாகிவிட்டது. என் சடை ரிப்பனை அவிழ்த்து, டோக்கனைக் கோத்து, அதன் கழுத்தில் கட்டினேன். பெரிய தர்மம் செய்த திருப்தியோடு வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற படுக்கையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே எங்கேயோ பெய்த மழை சத்தமில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. "நீரு பந்த்பிட்து! மேலே பன்னி!" என்று, தண்ணி வந்துடுச்சு மேலே வாங்க என்று, குதிரைக்காரர் கன்னடத்தில் கத்த, எல்லாரும் அடித்துப் பிடித்துக் கரையேறியிருக்கிறார்கள். மற்றவர்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா நேராகப் பலகைக்கு ஓடினார். மூன்று டோக்கனை மாட்டியாகிவிட்டது. ஓர் ஆணி காலி.

தலைக்கு மேலே ஒரு திரையை விலக்கிப் பார்க்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான். ஆணி காலி என்றால் ஆள் வரவில்லை. அதற்கு மேல் அவர்களுக்குச் சாட்சி தேவையில்லை.

அம்மாவின் ஓலம் கேட்டுத்தான் விழித்தேன். சின்ன ஜன்னலில் பார்த்தால், அப்பா செம்மண் நிறத் தண்ணீரில் மார்பு ஆழத்தில் நின்று என் பேரைக் கத்திக்கொண்டிருந்தார். அம்மா மண்ணில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். மாமா கரையோடு முன்னும் பின்னும் ஓடினார். ஏதோ விளையாட்டு, என்னை எழுப்பாமல் ஆடுகிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போது குதிரை வந்தது. தண்ணீர் குடிக்க இறங்கியது போலிருக்கிறது. நனைந்த உடம்போடு, தனியாக, நாணலை விலக்கிக்கொண்டு ஏறியது. கழுத்தில் என் சிவப்பு ரிப்பன். அப்பா தண்ணீரை விட்டு மேலே வந்து அந்த டோக்கனைக் கையில் ஏந்திப் பார்த்தார். பார்த்துவிட்டு, அப்படியே முழங்கால் மடங்கி விழுந்தார். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. குதிரையே பயந்து பின்வாங்கியது.

படுக்கையிலிருந்து இறங்கி ஓடினேன். "இன்னாப்பா? இன்னா ஆச்சுப்பா?"

அம்மா பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், முதுகில் நாலு வைத்தாள், மறுபடியும் கட்டிக்கொண்டாள். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. முகத்தைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். குதிரையின் கழுத்திலிருந்து டோக்கனை அவிழ்த்தார். அதைத் தானே கொண்டுபோய் மாட்டுவார் என்று நினைத்தேன். என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நீயே மாட்டு" என்றார்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பது தெரியும். மைனில் செத்தார் என்பதும் தெரியும். மீதியை அம்மா சொன்னது நான் காலேஜ் முடித்த வருஷம்தான். கீழே பாறை வெடித்த அன்று சித்தப்பாவின் உடம்பு வருவதற்கு முன்னால் அவருடைய டோக்கன்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்ததாம். அண்ணன்காரன் என்று அப்பா கையில் கொடுத்து, அவரையே ஆணியில் மாட்டச் சொன்னார்களாம்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. செய்த தப்புக்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். விசும்பிக்கொண்டே பலகைக்குப் போனேன்.

"எட்டலப்பா. நீயே மாட்டிடேன்."

"இல்ல கண்ணு. நீதான் மாட்டணும்."

இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். டோக்கனை மாட்டினேன். அதற்குப் பிறகும் இறக்கிவிடவில்லை. அவர் கை இரண்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. மதியம் கறிச்சோறு நிறையத் தின்றுவிட்டேன், ரொம்பக் கனக்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.