ஆர்லிஸின் பதினோராவது மீன்

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் வட விஸ்கான்சினில் ஏரிப் பனி உடையும். ஆர்லிஸ் ப்ராக்னோவின் வாயும் திறக்கும். மீன்பிடி விதிகளைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அந்த மாதத்தில்தான். இடம், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை. ஆளுக்கு மூன்று நிமிடம்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் ஆர்லிஸ். ஏழு வருடமாக ஒரே கோரிக்கை: டாம்லின் ஏரியில் ஒருவர் ஒரு நாளைக்கு இருபத்தைந்து புளூகில் மீன் பிடிக்கலாம் என்பதைப் பத்தாகக் குறைக்க வேண்டும். ஏழு வருடமும் தோற்றாள்.

"ஆர்லிஸ், நீ பேச ஆரம்பிச்சா புழுகூடக் கொட்டாவி விடுது" என்பார் தூண்டில் கடைக்காரர் கோர்டி லெம்கே.

"உன் கடைப் புழுவா இருக்கும். அதுக்கு எப்பவுமே உசுரு கம்மி."

எட்டாம் வருடம் வீட்டு வாணலியைத் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். காகிதத்தில் வெட்டிய மீன்களை அதில் அடுக்கினாள்.

"கல்யாணமான புதுசுல இதுல மூணு மீன்தான் கொள்ளும். போன வாரம் பிடிச்சதை அளவெடுத்து வெட்டியிருக்கேன், பாருங்க. எட்டு கிடக்கு, இன்னும் இடம் இருக்கு. வளர விட்டாத்தானே வளரும்!"

ஓட்டெடுப்பில் கைகள் உயர்ந்தன. கோர்டியின் கையும், பிடரி சொறிவதுபோல், பாதி உயர்ந்தது.

அடுத்த வருடம் பத்து என்பதே விதியாயிற்று. ஜூன் மாதக் காலை ஒன்றில் ஆர்லிஸ் அரை மணியில் பத்து மீன் பிடித்துவிட்டாள். தூண்டிலைச் சுருட்டியிருக்கலாம். 'இன்னொரு தடவை, சும்மா' என்று வீசினாள். வந்தது தட்டு அகல மீன். இருபது வருடமாக அப்படியொன்றை அவள் பார்த்ததில்லை. திருப்பி விடக் கை வரவில்லை.

மீன்வளக் காவலர் கொலீன் சபோட்டாவின் படகு பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பெண் வாளியில் கிடந்த மீன்களை எண்ணினாள். இன்னொரு முறையும் எண்ணினாள்.

"அக்கா, பதினொண்ணு இருக்கு."

"பத்துன்னு விதி போட வச்சதே நான்தாம்மா."

"தெரியும்க்கா. கூட்டத்துல நானும் கை தட்டினேன்." சொல்லிக்கொண்டே அபராதச் சீட்டை எழுதினாள்.

ஆர்லிஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவர் வெர்லினுக்கு மட்டும் தெரியும். அதாவது, ஊருக்கே தெரியும்.

மறு ஏப்ரலில் கோர்டி முதல் வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவர் எழுமுன் ஆர்லிஸ் மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு ஆர்லிஸ் ப்ராக்னோ. போன ஜூன்ல பதினொரு மீன் வச்சிருந்து பிடிபட்டேன். தப்புதான். விதி சரியாத்தான் இருக்கு, மாத்தாதீங்க."

அறை சிரித்து ஓய்ந்தது. கோர்டி மட்டும் சிரிக்கவில்லை; நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"அது கிடக்கட்டும். அந்தப் பதினொண்ணாவது எவ்வளவு பெருசு?"

ஆர்லிஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே விரித்தாள். மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் மீன் கதையிலேயே போயிற்று.