அவர் காதில் சொல்லிவிட்டு வா

சமையலறையில் தட்டுகள் சரிந்து விழுந்தன. ஒன்றல்ல, அடுக்கு மொத்தமும். கடைசித் தட்டு தரையில் சுழன்று சுழன்று அடங்கும்வரை கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

மகள்தான் முதலில் பாய்ந்தாள். அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, தட்டுதான், வெறும் தட்டுதான்" என்றாள்.

பழக்க தோஷம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் செய்துவந்த வேலை அது. சொல்லி முடித்த பிறகுதான், கைக்குக் கீழே இருந்த தோள் சில்லிட்டிருப்பது அவளுக்கு உறைத்தது. கூடத்தின் நடுவே, கட்டிலில், வெள்ளை விரிப்புக்குள் கிடந்த மனிதர் இமையைக்கூட அசைக்கவில்லை. போரிலிருந்து திரும்பி வந்த பிறகு முதல் முறையாக ஒரு சத்தத்துக்கு அவர் பயப்படவில்லை.

அதைப் பார்த்துத்தான் அவர் மனைவி உடைந்து போனாள். விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தபோதுகூடக் கல்லாக உட்கார்ந்திருந்தவள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழ அவளுக்குத் தெரியாது. அந்த வீடு அதைக் கற்றுத் தரவில்லை.

போருக்குப் போனபோது அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. பீரங்கிப் படையில் குண்டு நிரப்பும் வேலை. திரும்பி வந்தவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள். அந்த வாரமே பக்கத்து வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்த, இவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டார். எங்கே அடிபட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. டயர் வெடித்த அன்றோடு அது போயிற்று. மரப் பட்டறையும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியின் துணி அறையில் சேர்ந்தார். சலவை இயந்திரங்கள் நாளெல்லாம் உறுமும். அது அவரை ஒன்றும் செய்யவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும் சத்தம்தான் அவருக்கு எமன். வெளுத்து வந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் தேவை. மறுமுனையைப் பிடித்தவள்தான் பின்னாளில் அவர் மனைவியானவள். முனையோடு முனை சேர்க்க இருவரும் நெருங்கி வருவார்கள், விரல்கள் உரசும், விலகிப் போவார்கள். ஒருநாள் அவர் விலகாமல் அப்படியே நின்றுவிட்டார். மடித்தாயிற்றே, அடுத்ததை எடுக்க வேண்டாமா என்று இவள் கேட்டாள். கையை விட மனசு வரவில்லை என்றார் அவர்.

அவ்வளவுதான் அவர்கள் காதல் கதை.

குடித்தனம் வைத்த வீட்டில் ஒவ்வொரு கதவின் விளிம்பிலும் பழைய துணியை மடித்து ஒட்டினாள். கல்யாணப் பரிசாக வந்த குக்கர், விசிலுக்குப் பயந்து பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகூடக் கண்ணாலும் கையாலும்தான். "எங்க வீட்டுல சண்டையும் ஊமைப் படம்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவரோ, படம் முடிந்ததும் தானே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து சமாதானம் பேசுகிற ரகம். மகளுக்குத் தலை பின்னிவிட்டால் ஒரு முடி பிசகாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் தெரு "பஞ்சு" என்று கூப்பிட்டது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். "பஞ்சு வர்றார், பாத்துத் தும்முங்க" என்று கடைவாசலில் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டுப் போவார். மகனால்தான் அப்படிப் போக முடிந்ததில்லை.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் வந்தபோது நண்பகல். வயதானவர், ஊன்றுகோலோடு வந்தாலும் சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை. வாசலில் நின்ற வேனில் துப்பாக்கிகளோடு சில வீரர்கள் இருந்தார்கள். அடக்கத்தின்போது மூன்று முறை வேட்டு முழங்கும், அதுதான் முறை என்றார். தெருவே வேனைச் சுற்றிக் கூடிவிட்டது. மகனின் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம்.

"வேட்டு வேணாங்க" என்றாள் அம்மா. "மத்ததெல்லாம் செய்யுங்க. கொடி போர்த்துங்க. வேட்டு மட்டும் வேணாம்."

செயலாளர் திகைத்துப்போனார். இறந்தவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாதோ என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். படை பின்வாங்கிய நாளில் மற்ற பீரங்கிகளெல்லாம் அடங்கிவிட்டனவாம். இவருடையது மட்டும் விடாமல் முழங்கியதாம். அத்தனை பேரும் ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை இவர் குண்டு நிரப்புவதை நிறுத்தவில்லை. கடந்தவர்களில் ஒருவன்தான் நான் என்றார் கிழவர்.

அந்த வீட்டில் யாரும் கேள்விப்படாத கதை. மகன் எழுந்து நின்றான்.

"கேட்டியாம்மா? தெரு கேக்கட்டும். இத்தனை வருஷமா பஞ்சு, பஞ்சுன்னு சிரிச்சாங்கல்ல, அவங்க காது கிழியட்டும். அவர் யாருன்னு ஒரு தடவையாவது தெரியட்டும்."

"அவருக்குப் பயமா இருக்கும்டா."

"அவர் செத்துட்டாரும்மா. இனிமே அவருக்கு எதுவும் கேக்காது."

"அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியலையே."

மகனுக்குள் அழுந்திக்கிடந்தது அப்போது வெடித்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தைச் சொன்னான். தொடக்கத் துப்பாக்கி வெடித்ததும் பார்வையாளர் வரிசையில் அப்பா மண்ணில் குப்புற விழுந்ததையும், மைதானம் முழுவதும் சிரித்ததையும், ஓட வேண்டிய தான் கோட்டிலேயே மரமாக நின்றுவிட்டதையும் சொன்னான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறதாம். ஏன்தான் அன்றைக்கு வந்தாரோ என்றான்.

அம்மா இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததைத் திறந்தாள். அங்கே துப்பாக்கி வெடிப்பார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். போக வேண்டாம் என்று இவள் காலைப் பிடிக்காத குறை. பிள்ளை ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்காக, வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் இவளைச் சுத்தியலால் பலகையில் அடிக்கச் சொல்லிப் பழகினார். ஒவ்வொரு அடிக்கும் சட்டை நனைய வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்பார். அடித்த இவள் கைதான் முதலில் ஓய்ந்தது.

"அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உனக்காக ஒரு தடவை பட்டார். இப்ப தெருவுக்காக அவரைப் படவைக்கப் பாக்கறியா?"

மகன் வாசலில் நின்ற வேனைப் பார்த்தான்.

"சரி, உன் இஷ்டம். ஆனா முதல்ல போய் அவர் காதுல சொல்லிட்டு வா. அப்பா, உங்க பக்கத்துல நின்னு துப்பாக்கி சுடப் போறோம், பயப்படாதீங்கன்னு சொல்லு. உன்னால சொல்ல முடிஞ்சா சுடட்டும். நான் வாயே திறக்கல."

அவன் கட்டிலருகே மண்டியிட்டான். அப்பாவின் காதை ஒட்டி முகத்தைக் கொண்டுபோனான். "அப்பா" என்றான். அதற்கு மேல் வரவில்லை. அந்த மார்பில் நெற்றியை வைத்து அவன் குலுங்கியபோது கட்டிலும் சேர்ந்து குலுங்கியது. தங்கை வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

செயலாளரிடம், வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

கிழவர் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினார். "எனக்குக் குடுக்கத் தெரிஞ்ச மரியாதை இது ஒண்ணுதான்ப்பா. இதுவும் இல்லன்னா நான் அவனுக்கு என்ன செய்யறது?" அவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு, தள்ளாடியபடியே கட்டிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். மகள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். வாசலில் இறங்கியவர், வேனைக் கிளப்பச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கூடியிருந்தவர்கள் ஏமாந்துபோய் முணுமுணுத்தார்கள். ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அப்பவே சொன்னேன்ல? பஞ்சுக்கெல்லாம் யாரு வேட்டுப் போடுவா?"

யாரோ சிரித்தார்கள். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. வாசலில் நின்ற மகனின் விரல்கள் கதவுத் தாழ்ப்பாளை நெரித்துக்கொண்டிருந்தன. அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், துணி ஒட்டிய கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.